எப்படியும் டைப்தானே அடிக்கப்போகிறார்கள்?

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். அவர் மகள் அப்போது எட்டாம் வகுப்பில் என்னிடம் தமிழ் படித்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. நான் கடைசியா பேனா புடிச்சு ஒரு பக்கம் எழுதுனது எப்பன்னே ஞாபகம் இல்ல. பில்லு கம்ப்யூட்டர்ல, ஆர்டர் வாட்ஸப்ல, பேங்க் வேலை போன்ல. என் பொண்ணும் எப்படியும் டைப்தானே அடிக்கப்போறா? ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு, லேப் வந்தாச்சு. இன்னும் நோட்டு நோட்டா எதுக்கு எழுத வைக்கிறீங்க? ராத்திரி பத்து மணிக்குக் கை வலிக்குதுன்னு உக்காந்திருக்கா."

கூடத்தில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். பொதுத்தேர்வைக் கையால்தானே எழுதியாக வேண்டும் என்று ஒரு சப்பைப் பதில் சொன்னேன். "பரீட்சையை மாத்திட்டா?" என்றார். என்னிடம் மறுபேச்சு இல்லை, உட்கார்ந்துவிட்டேன். அவர் கேட்டது சரிதான். ஜேஇஇ தேர்வு கணினிக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. பத்தாம் வகுப்புத் தேர்வும் ஒருநாள் போகலாம். தேர்வு கேட்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பழக்கத்தைக் கட்டிக்காப்பவர், தேர்வு மாறும் நாளில் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். அன்று சொல்லத் தவறிய பதிலை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

அவர் தனி ஆள் இல்லை. தனியார் பள்ளிகளின் சேர்க்கை விளம்பரங்கள், கல்வி மாநாட்டு மேடைகள், கல்வியைக் கம்பெனியாக நடத்துகிறவர்களின் பேட்டிகள் எல்லாவற்றிலும் இதே குரல்தான். அதன் வாதத்தை நியாயமாக எடுத்து வைத்தால் இப்படி வரும்: எழுத்து என்பது கருத்தைக் கொண்டுசேர்க்கும் வண்டி. மாட்டு வண்டி போய்க் கார் வந்ததுபோல் பேனா போய் விசைப்பலகை வந்துவிட்டது. பெரியவர்கள் யாரும் கையால் எழுதாத உலகத்துக்குப் போகப்போகிற குழந்தையைக் கோடு போட்ட நோட்டில் உட்கார வைப்பது நேரத்தைத் தின்னும் சடங்கு. அந்த நேரத்தில் யோசிக்க வைக்கலாமே, படைக்க வைக்கலாமே?

பார்க்க வலுவான வாதம். ஆனால் வண்டி என்ற உவமையிலேயே பிசகு இருக்கிறது. பெரியவர் ஊர்போய்ச் சேர்வதற்கு வண்டி ஏறுகிறார். குழந்தை நடப்பது ஊர்போய்ச் சேர்வதற்காக இல்லை, கால் ஊன்றுவதற்காக. வேலைக்கு உதவும் கருவி வேறு, கற்பதற்கு உதவும் கருவி வேறு. கணக்கர் கால்குலேட்டர் தட்டுகிறார் என்பதற்காக ஒன்றாம் வகுப்பில் விரல்விட்டு எண்ணுவதை யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. எழுத்து என்று வந்ததும் மட்டும் இந்த வேறுபாடு நமக்கு மறந்துபோகிறது.

இளமையிலேயே தொடங்காவிட்டால் டைப்பிங்கில் பின்தங்கிவிடுவார்கள் என்ற பயத்துக்கு நம் ஊரிலேயே விடை இருக்கிறது. என் தலைமுறையில் எஸ்எஸ்எல்சி, பிளஸ் டூ முடித்த கையோடு எல்லாரும் போன இடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். மாடியில் தகரக்கூரை, பத்துப் பன்னிரண்டு ரெமிங்டன் மிஷின், காலை ஆறு மணி பேட்ச். ஏ எஸ் டி எஃப் என்று ஒரு வாரம் தட்டினோம். சில மாதங்களில் லோயர், நிமிடத்துக்கு 30 சொல். அடுத்து ஹையர், 45. பதினாறு, பதினேழு வயதில் முதன்முறையாக விசையைத் தொட்ட பிள்ளைகள் தலைமைச் செயலகத்திலும் பம்பாய்க் கம்பெனிகளிலும் ஸ்டெனோவாகப் போய் உட்கார்ந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் யாரும் அவர்களுக்கு விசைப்பலகை காட்டவில்லை. டைப் அடிப்பது எந்த வயதிலும் சில மாதங்களில் வசப்படும் திறன். ஐந்து வயதில் எழுத்து கண்ணுக்குள் இறங்குவது அப்படி எப்போது வேண்டுமானாலும் நடக்கிற காரியம் இல்லை.

கண்ணுக்குள் இறங்குவது என்று சும்மா சொல்லவில்லை. பட்டதாரி ஆசிரியராகப் பதவி உயர்வு வருவதற்கு முன் பதினோரு வருஷம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் இருந்தேன். தமிழ் எழுத்துகளின் உறுப்புகளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: சுழி, கொம்பு, துணைக்கால், மேல்விலங்கு, ஏறுகீற்று, இறங்குகீற்று. சுழி என்பது கை செய்யும் வேலை. ஏறு, இறங்கு என்பது விரலுக்கு இடும் கட்டளை. ரெண்டு சுழி ன, மூணு சுழி ண என்று பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதும்போது, ஒலிக்கும் வடிவத்துக்கும் நடுவே முடிச்சுப் போடுவது அந்தச் சுழற்றும் கைதான். விசைப்பலகையில் சுழி கிடையாது. இரண்டு ஒரே அளவுக் கட்டங்கள் இருக்கின்றன, ஒன்றை அழுத்தினால் ன, இன்னொன்றை அழுத்தினால் ண. விரலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதுகூடத் தமிழ்99 விசைப்பலகையில். 1999-இல் தமிழக அரசு ஏற்ற அந்த அமைப்பை எத்தனை பிள்ளைகள் தொட்டிருக்கிறார்கள்? கையில் இருப்பது போன். போனில் 'பழம்' வேண்டுமென்றால் ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள், மேலே மூன்று சொற்கள் தோன்றுகின்றன: பலம், பழம், பாலம். பிள்ளை ஒன்றைத் தொடுகிறது. சரியாகவும் தொட்டுவிடலாம். ஆனால் அது எழுத்துக்கூட்டிய சொல் இல்லை, அடையாளம் காட்டிய சொல். கூட்டத்தில் ஒருவர் முகத்தைப் பார்த்து 'இவர்தான்' என்று சுட்டுவதற்கும், கண்ணை மூடிக்கொண்டு அந்த முகத்தை வரைவதற்கும் உள்ள தூரம் அது. ல, ள, ழ மூன்றும் உச்சரிப்பில் மங்கிக்கொண்டிருக்கிற மாவட்டங்களில், அவற்றைப் பிரித்து வைத்திருப்பது பெரும்பாலும் எழுதும் கைதான். அதையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது போனின் அனுமானம். தமிழை எழுத முதலில் ஆங்கில எழுத்து தெரிந்திருக்க வேண்டும் என்ற விசித்திரம் வேறு. 'கொ' என்று கையால் எழுதும் பிள்ளை முதலில் கொம்பு போடுகிறது, பிறகு ககரம், பிறகு துணைக்கால். கொம்பு போடும்போதே பின்னால் வரப்போவதை முன்கூட்டி நினைத்தாக வேண்டும். கு, சு, டு, மு, று என ஒவ்வொரு உகரமும் ஒவ்வொரு வளைவு. போனுக்கு எல்லாம் ஒரே ஒரு 'யூ'.

இதில் ஆய்வு என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். என் பக்கம் நிற்பவர்களே இந்த இடத்தில் அதிகம் பொய் சொல்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 2014-இல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மடிக்கணினியில் குறிப்பெடுத்த கல்லூரி மாணவர்கள் ஆசிரியர் சொன்னதை வார்த்தை மாறாமல் அப்படியே தட்டினார்கள். கையால் எடுத்தவர்கள் சுருக்கினார்கள். கருத்தைப் புரிந்து பதில் சொல்ல வேண்டிய கேள்விகளில் கையால் எழுதியவர்கள் மேலாகச் செய்தார்கள். கையெழுத்தின் பெருமை பேசும் கட்டுரை எதுவும் இதைச் சொல்லாமல் முடிவதில்லை. அதை மறுபடி செய்து பார்த்தவர்கள் உண்டு, 2019-இலும் 2021-இலும். அவ்வளவு தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. அதையும் சேர்த்துச் சொல்கிற கட்டுரையை நான் அதிகம் பார்த்ததில்லை. கல்லூரி வயதில் யார் எதில் குறிப்பெடுத்தால் என்ன, அது அவரவர் பாடு. அந்த ஆய்வை என் வாதத்துக்குத் தூணாக வைக்க மாட்டேன்.

நான் பிடித்துக்கொள்வது சின்னதாக ஒன்று. 2012-இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸும் லாரா எங்கல்ஹார்ட்டும், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயது வாக்கிலான குழந்தைகளைக் கொண்டு செய்தது. எழுத்துகளை மூன்று விதமாகப் பழக்கினார்கள்: தானே எழுதுதல், புள்ளிகளின் மேல் இழுத்தல், விசையைத் தட்டுதல். பிறகு அதே எழுத்துகளைக் காட்டியபடி மூளையை எஃப்எம்ஆர்ஐ கருவியில் பார்த்தார்கள். தானே எழுதிப் பழகிய எழுத்துகளுக்குத்தான் வாசிப்பில் ஈடுபடும் மூளைப் பகுதிகள் தெளிவாக விழித்துக்கொண்டன. தட்டிப் பழகியதற்கும் புள்ளியின் மேல் இழுத்ததற்கும் அப்படி நடக்கவில்லை. சில குழந்தைகளைக் கொண்ட சிறிய ஆய்வுதான், அதை மறைக்கவில்லை. ஆனால் ஆய்வாளர்கள் சொன்ன காரணத்தைக் கேட்டபோது என் ஒன்றாம் வகுப்பு முழுக்கக் கண்முன் வந்தது. குழந்தை தானே எழுதும் எழுத்து ஒவ்வொரு முறையும் வேறு மாதிரிக் கோணலாக விழுகிறது. ஒரு 'அ' குப்புற விழுந்திருக்கும், ஒரு 'அ' தொப்பை போட்டிருக்கும். இத்தனை கோணல்களும் ஒரே எழுத்துதான் என்று கண்டுகொள்ளும்போதுதான் அந்த எழுத்து எதனால் அந்த எழுத்தாக இருக்கிறது என்று பிடிபடுகிறது. திரையில் வரும் 'அ' ஒவ்வொரு முறையும் அச்சுக் குத்தியதுபோல் அழகாக வருகிறது. அந்த அழகில் பாடம் ஒன்றும் இல்லை.

புள்ளியின் மேல் இழுப்பதும் பலன் தரவில்லை என்பது நம் எல்கேஜி பயிற்சிப் புத்தகங்களை விற்கிறவர்கள் கேட்க விரும்பாத செய்தி. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

2024-இல் நார்வேயின் ட்ரொன்ட்ஹெய்மில் ஆட்ரி வான் டெர் மீரும் அவர் உடன்பணியாளரும் 36 கல்லூரி மாணவர்களைக் கொண்டு வெளியிட்ட ஆய்வு நம் பத்திரிகைகளிலும் அடிபட்டது. கையால் எழுதும்போது மூளையின் பகுதிகளுக்கு இடையே தொடர்பு விரிவாக இருந்தது என்றது. டைப் அடித்தவர்கள் ஒற்றை விரலால்தான் தட்டினார்கள் என்று குறை சொல்பவர்கள் உண்டு, அந்தக் குறை நியாயம்தான். எனக்கு அதில் சுவையாகப் பட்டது வேறு. அங்கே கையால் எழுதியவர்கள் காகிதத்தில் எழுதவே இல்லை, டிஜிட்டல் பேனாவால் தொடுதிரையில் எழுதினார்கள். ஆக என் சண்டை திரையோடு இல்லை. பேனாவைத் திரைமேல் ஓட்டுங்கள், ஸ்மார்ட் போர்டில் பிள்ளையைக் கூப்பிட்டு எழுத வையுங்கள், எனக்குச் சம்மதம். கை எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு வாதம் உண்டு, அதைச் சொல்பவர்கள் கொஞ்சம் படித்தவர்கள். எழுத்தே வேண்டாம், நினைவாற்றல் கெடும் என்று சாக்ரடீஸ் பயந்தார். ஓலை போய்க் காகிதம் வந்தபோதும் ஒப்பாரி வைத்தார்கள். ஒவ்வொரு புதுக் கருவிக்கும் ஒரு தலைமுறை அழுகிறது, அடுத்த தலைமுறை சிரிக்கிறது. நீங்கள் அழுகிற தலைமுறை, அவ்வளவே. கேட்டதும் வாயடைக்கிற வாதம்தான். ஆனால் அந்த மாற்றங்களை ஒவ்வொன்றாக உற்றுப் பாருங்கள். திண்ணைப் பள்ளியில் மணல், பிறகு ஓலையும் எழுத்தாணியும், பிறகு சிலேட்டும் பலப்பமும், பிறகு நோட்டும் பென்சிலும், பிறகு மைப்பேனா, பால்பாயிண்ட். எழுதப்படும் பொருள் மாறியது, எழுதும் பொருள் மாறியது, ஒரு தடவைகூட வடிவத்தை உண்டாக்கும் கை மாறவில்லை. இப்போது மாறச் சொல்வது அந்தக் கைதான். முன்பு நடந்த எதுவும் இதற்கு முன்மாதிரி ஆகாது.

மணல் என்றதும் நினைவு வருகிறது. 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அனாதைகள் இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், இங்குள்ள பள்ளியொன்றில் பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தன் இல்லத்திலும் அப்படியே செய்ய வைத்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் நம் சட்டாம்பிள்ளை முறையையும் சேர்த்துக்கொண்டார். 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் அது பரவியது. உலகத்துக்குக் கல்வித் தொழில்நுட்பம் ஏற்றுமதி செய்த ஊர் நம்முடையது. ஏற்றுமதியான சரக்கு ஒரு தட்டு மணல். செலவில்லாதது, கரண்ட் வேண்டாதது, தவறினால் உள்ளங்கையால் தடவி மறுபடி எழுதக்கூடியது. விஜயதசமியன்று தட்டில் பரப்பிய நெல்லில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோமே, அது பூஜை ஆகிவிட்டதால் அதற்குள் இருக்கும் பாடமுறை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

"பின்லாந்திலேயே கையெழுத்தை எடுத்துட்டாங்க" என்ற வாட்ஸப் செய்தி ஒன்று வருஷத்துக்கு இரண்டு முறை ஆசிரியர் குழுவில் வரும். 2016-இல் பின்லாந்து கட்டாயத்திலிருந்து எடுத்தது எழுத்துகளைக் கோத்து எழுதும் கூட்டெழுத்தை. தனித்தனி எழுத்தாகக் கையால் எழுதுவது அங்கே அப்படியே இருக்கிறது, கூடவே டைப்பிங்கும் வந்தது. அமெரிக்காவில் 2010-இல் வந்த பொதுப் பாடத்தரம் கைவிட்டதும் இதே கூட்டெழுத்தைத்தான். கலிபோர்னியா 2023-இல் சட்டம் போட்டு அதையும் ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை திரும்பக் கொண்டுவந்தது. ஸ்வீடன் அதே ஆண்டில் அச்சுப் புத்தகத்துக்கும் கையால் எழுதுவதற்கும் கூடுதல் நேரம் என்று திரும்பி நடக்கத் தொடங்கியது. நம் பள்ளிகளில் தமிழுக்கு அப்படிக் கூட்டெழுத்து என்று ஒன்றைக் கற்பிப்பதே இல்லை. நாம் தனித்தனியாகத்தான் எழுதுகிறோம். அவர்கள் விட்டது நம்மிடம் இல்லவே இல்லாத பொருள், அதைக் காட்டி நம்மிடம் இருப்பதை விடச் சொல்கிறார்கள்.

டைப் அடிப்பார்கள், டைப் அடிப்பார்கள் என்கிறோமே, வகுப்பில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஹைடெக் லேபில் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் முக்கால்வாசி நேரம் நான்கில் ஒரு விடையைச் சொடுக்குகிறார்கள். கைக்கணினிச் செயலிகளில் படத்தை இழுத்துச் சொல்லின்மேல் விடுகிறார்கள். சரியானால் கைதட்டும் சத்தம், தவறானால் சிவப்புப் பெருக்கல் குறி, அடுத்ததுக்குப் போ. ஸ்மார்ட் போர்டில் ஓடும் பாடத்தை, பெரிய பிள்ளைகளாக இருந்தால், போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பேனாவின் இடத்துக்கு விசைப்பலகை வரும் என்று வாதிடுகிறவர்கள் கவனிக்கவில்லை: வந்து உட்கார்ந்திருப்பது தொட்டுவிடும் விரல். ஒரு முழு வாக்கியத்தை விசைப்பலகையில் அமைத்துத் தட்டினால்கூட நான் பாதிச் சண்டையை விட்டுவிடுவேன். வாக்கியமே எங்கும் இல்லை.

இப்போது அந்தத் தகப்பனாரின் மகளிடம் வருகிறேன். கூட்டம் முடிந்த சில வாரங்களில், கடிதம் எழுதுதல் பாடத்தில், தெருவில் குடிநீர்ப் பிரச்சினை குறித்து ஊராட்சித் தலைவருக்கு விண்ணப்பம் எழுதச் சொன்னேன். நோட்டை வாங்கிப் பார்த்தேன். முதல் வரி: 'எங்கள் தெருவில் தண்ணீர் வருவதே இல்லை.' ஒரே கோடாக அடித்திருந்தாள். கீழே: 'எங்கள் தெருவில் தண்ணீர் சரியாக வருவதில்லை.' அதுவும் அடிக்கப்பட்டிருந்தது, இந்த முறை 'சரியாக' என்ற சொல்லின்மேல் மட்டும் இரண்டு கோடு அதிகம். மூன்றாவது வரி நின்றது: 'எங்கள் தெருவில் வாரத்துக்கு ஒரு முறை, இரவு 2 மணிக்குத் தண்ணீர் வருகிறது.' கடைசிச் சொல்லுக்கு முன் பேனா நின்ற இடத்தில் மை கொஞ்சம் ஊறிப் புள்ளியாகியிருந்தது.

இருபத்தேழு வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த நல்ல பக்கங்களில் அது ஒன்று. முதலில் புலம்பல், அது பொய் என்று அவளுக்கே பட்டிருக்கிறது. அடுத்தது மழுப்பல், எந்தச் சொல் மழுப்புகிறது என்று கண்டுபிடித்துத் தனியாக அடித்திருக்கிறாள். மூன்றாவது தகவல். புகாருக்கும் தகவலுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் எத்தனை வகுப்பில் சொல்லியிருந்தாலும் அவளுக்கு இப்படிப் புரிந்திருக்காது. அவள் எங்கே தயங்கினாள், எதை நம்பவில்லை, எந்தப் படியில் ஏறினாள் என்பது எல்லாம் அந்தக் காகிதத்தில் எனக்குக் கிடைத்தது. அதே வாரம் இன்னொரு பிரிவுப் பிள்ளைகள் அதே விண்ணப்பத்தை லேபில் தட்டினார்கள். நாற்பது விண்ணப்பங்களும் துப்புரவாக இருந்தன. யார் எங்கே தடுமாறினார்கள் என்று ஒன்றிலும் தெரியவில்லை. அழிக்கும் விசை சாட்சியை மறைத்துவிடுகிறது. மாணவனின் விடையைவிட அவன் விடையை நோக்கி வந்த வழிதான் ஆசிரியருக்கு வேண்டும், நாளைக்கு என்ன சொல்லித்தர வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. கணினியும் ஒவ்வொரு திருத்தத்தையும் சேமித்து வைக்கும் என்பார்கள். வைக்கும்தான். நாற்பது பேருடைய திருத்த வரலாற்றைத் திறந்து படிக்கிற ஆசிரியரைக் காட்டட்டும். நோட்டைத் திறந்ததும் அது கண்ணில் விழுகிறது.

ஆக, மெதுவாக இருக்கிறது என்று அவர்கள் குறையாகச் சொல்வதுதான் கையின் பலம். கை மனத்தைவிட மெதுவாக ஓடுவதால் ஒரு வாக்கியம் முடிவதற்குள் அதைச் சந்தேகப்பட நேரம் கிடைக்கிறது. அடித்து மறுபடி எழுதுவது சிரமம் என்பதால் எழுதும் முன்பே ஒரு முறை மனதில் ஓட்டிப் பார்க்கத் தோன்றுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு என் கட்சிக்காரர்களின் பாவத்தையும் சொல்லாவிட்டால் அந்தத் தகப்பனாருக்கு நான் துரோகம் செய்கிறேன். ராத்திரி பத்து மணிக்குக் கை வலிக்க அவர் மகள் எழுதிக்கொண்டிருந்தது என்ன? கேள்வி-பதில். கைடிலிருந்து நோட்டுக்கு. வகுப்புநோட்டு ஒன்று, வீட்டுநோட்டு ஒன்று, தேர்வுக்கு முன் திரும்ப ஒரு முறை. போதாததற்கு இம்போசிஷன், ஐம்பது தடவை. கையெழுத்துப் பயிற்சி என்ற பெயரில் இரட்டைக்கோடு நோட்டில் யாரோ எழுதிவைத்த நீதிமொழி, முத்து முத்தாக இருந்தால் நட்சத்திரம். இதில் எங்கே யோசனை இருக்கிறது? பார்த்து எழுதும் கை ஜெராக்ஸ் மிஷின். கையெழுத்தைத் தண்டனையாகவும் அழகுப்போட்டியாகவும் ஆக்கியது நாங்கள்தான். அதன்மேல் பெற்றோருக்கு வந்திருக்கும் வெறுப்பில் பாதி எங்கள் சம்பாத்தியம். கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்று நம் ஊரில் ஒரு கேலி உண்டு. கையெழுத்து அழகாக இருக்கிறதா என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. படிக்க முடிந்தால் போதும். நான் கேட்பதெல்லாம், பிள்ளை சொந்தமாக ஒரு வாக்கியத்தை யோசித்துக் கையால் எழுதும் கால்மணி நேரம், தினமும். பார்த்து எழுதும் அத்தனையையும் நாளைக்கே நிறுத்தலாம். அதை வேண்டுமானால் போனில் படமெடுத்துக்கொள்ளட்டும், அதற்குத்தான் கேமரா.

பேனா பிடிக்க முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். எழுத்தை வரிசையில் நிறுத்தவே கஷ்டப்படும் குழந்தையை, சோம்பேறி என்று முட்டி போட வைத்த ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆரம்ப வருஷங்களில் நானும் ஒரு பையனிடம் அப்படி நடந்துகொண்டிருக்கிறேன். அவர்களுக்கு விசைப்பலகையும் குரலை எழுத்தாக்கும் செயலியும் சலுகை இல்லை, உரிமை. சக்கர நாற்காலி அவசியம் என்பதற்காக நடக்கிற பிள்ளையை எல்லாம் அதில் உட்கார வைப்பதில்லையே.

கருவி வந்தால் ஏழைப் பிள்ளையும் பணக்காரப் பிள்ளையும் சமம் ஆகிவிடுவார்கள் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு வேண்டாத விதத்தில் கிடைத்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்று திறந்தன. அதுவரை கல்வித் தொலைக்காட்சி, வாட்ஸப் பாடம், போன். முதல் நாள் மூன்றாம் வகுப்புக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கப் போயிருந்தேன். பெயரை எழுதச் சொன்னபோது பென்சிலைக் கைமுட்டியால் குத்துவதுபோல் பிடித்த பிள்ளைகள் இருந்தார்கள். யூடியூபில் தேவையானதைக் குரலால் தேடி எடுக்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இடைவெளியை அடைக்கப் பிறகு அரசு கொண்டுவந்த திட்டத்துக்கு வைத்த பெயர் எண்ணும் எழுத்தும். 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களைப் பற்றிய 2023-ஆம் ஆண்டின் அசர் ஆய்வு கிராமப்புற இந்தியாவைப் பற்றிச் சொன்னதும் இதே கதை. வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்து அதைப் பயன்படுத்தவும் தெரிந்தவர்கள் 90 சதவீதத்துக்கு அருகில். தங்கள் வட்டார மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசிக்க முடியாதவர்கள் கிட்டத்தட்ட நால்வரில் ஒருவர். போன் அவர்களிடம் வந்துசேர்ந்துவிட்டது. எழுத்து சேரவில்லை. இதற்கு மருந்து இன்னொரு கருவி என்று சொல்பவர்களின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி எழுதுவதே எதற்கு என்பவர்களுக்கு ஒரு வரிதான். துப்புரவான கட்டுரையை இயந்திரம் ஒரு நொடியில் தருகிறது என்றால், துப்புரவான கட்டுரைக்கு வகுப்பில் மதிப்பு போய்விட்டது. அதை நோக்கித் தடுமாறி வந்த பிள்ளைக்குத்தான் இனி மதிப்பு. அமெரிக்கப் பேராசிரியர்கள் சிலர் தேர்வறையில் மறுபடி நோட்டையும் பேனாவையும் கொடுப்பது பழமை மேல் வந்த ஆசையால் இல்லை.

அரையாண்டுத் தேர்வு முடிந்து ரேங்க் கார்டு வாங்க அந்தத் தகப்பனார் வந்தார். மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாமல் மகளின் நோட்டைத் திறந்து அந்தத் தண்ணீர் விண்ணப்பத்தைக் காட்டினேன். அடித்த வரிகளையும் சேர்த்து மெதுவாகப் படித்தார். மூன்றாவது வரியில் சிரித்துவிட்டார். "ரெண்டு மணிக்கு எழுந்து குடம் வைக்கிறது நான்தான் டீச்சர். இவ தூங்குறான்னு நெனச்சேன்." போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டார். பிறகு அடித்த வரிகளின்மேல் விரலை வைத்தபடி கேட்டார்: "இதுக்கெல்லாம் மார்க் கொறைப்பாங்களா?"

நான் குறைக்கவில்லை என்றேன். "பப்ளிக்ல?" என்றார்.

அந்த ஆளிடம் நான் இரண்டாவது முறையாகப் பதில் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.